கிரீன்ஸ்டெட் மரக்கோயிலின் காலம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், ஓங்கர் என்னும் ஊர்க்கு அணித்தாகக் கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூர் உளது. தூய அந்திரேயர் பெயரால் விளங்கும் அதன் பங்குத் தேவாலயம், இன்றும் நின்று நிலவும் மரக்கோயில்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று. அதன் காலத்தைத் துணிந்தோர் யாண்டு வழுவினர் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

நடுக்கூடத்தின் சுவர்கள் ஓக் மரங்களை நெடுகப் பிளந்து, தட்டைப் பக்கம் உள்நோக்கவும் உருண்ட பக்கம் வெளிநோக்கவும் நிறுத்தி அமைத்தவை. விளிம்புகளில் காடியிட்டு, இடையே மரச்சிம்பு செருகி இணைத்துள்ளனர். இத்தகைய பிளவுகள் 51 உள. 1848ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணியில் உளுத்த அடிப்பகுதிகளை அறுத்துச் செங்கல் அடித்தளத்தின்மேல் நிறுத்தினர். ஆகவே சுவரின் பழமை மரத்திற்கேயன்றி அடித்தளத்திற்கு இல்லை.

869இல் டேனியரால் கொலையுண்ட மன்னர் எட்மண்டின் உடலை 1013இல் இலண்டனிலிருந்து மீட்டுக் கொணர்ந்தபோது இக்கோயிலில் தங்கவைத்தனர் என்பது செவிவழி மரபு. 1960இல் மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்தோர் கி.பி. 845 என்றனர். மரபும் கணிப்பும் முரணின்றி இயைந்தன.

1995இல் செய்த நுண்ணாய்வு அவ்வியைபைக் குலைத்தது. எஞ்சிய வளையங்களுள் இறுதியானது 1053ஆம் ஆண்டினது. காழ் என நம் நூலோர் கூறும் வயிரமே நெடிது நிற்கும். சூழ்ந்த வெளிறு அழியும். அழிந்த வளையங்கள் 10 முதல் 55 வரை எனக் கொண்டு, மரம் வெட்டிய காலம் 1063க்கும் 1108க்கும் இடைப்பட்டது என்றனர். 1066இல் நிகழ்ந்த நார்மானியர் வெற்றிக்கு முந்தியதோ பிந்தியதோ என்பது இதனால் விளங்காது. கட்டுமுறை மட்டும் சாக்சனியரதே.

அங்ஙனமாயின் மரபு பொய்யோ எனின், அன்று. எட்மண்ட் மடத்து ஏடு கூறுவது, உடல் ஓங்கருக்கு அருகில் தங்கிற்று, அவர் நினைவாக ஆண்டு ஒரு மரக்கோயில் உளது என்னும் அளவே. அக்கோயிலுள் தங்கிற்று என்பது பின்னோர் ஏற்றிய பொருள். நினைவுக்கோயில் நிகழ்ச்சிக்குப் பின்னர் எழுதலே இயல்பாதலின், புதிய கணிப்பு ஏட்டிற்கு அரணாதல் காண்க. பிழைத்தது ஏடு அன்று. அதனைப் படித்த முறையே. 1960ஆம் ஆண்டு அகழ்வில் திருமுற்றத்தின் தரைக்கீழ் முந்திய மரக்கட்டடங்கள் இரண்டின் சுவடுகள் வெளிப்பட்டன. உடல் கோயிலினுள்ளேயே தங்கிற்று என வற்புறுத்துவார், இற்றைச் சுவர்களை விடுத்து அச்சுவடுகளிடத்தே சான்று தேடல் வேண்டும்.