பிள்ளைக்கு விட்டுப்போக ஒரு பிஸ்டல்

காரைக்காலில் நாங்கள் படித்த பிரெஞ்சில் கைத்துப்பாக்கிக்கே 'பிரௌனிங்' என்றொரு பேர் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியம் பிரௌனிங்கால்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878 சட்டம் முதலே ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும்.

கூத்தாநல்லூர் நண்பர், "பரம்பரையா இருக்க எதை வாங்கலாம்?" என்றார். லைசென்ஸ் ஃபைல் பார்த்த குமாஸ்தா நான்.

".32 வாங்குங்க. இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையே செய்யுது. ஆனா லைசென்ஸ் உங்களோட முடிஞ்சிடும்; மகன் தன் பேர்ல தனியா வாங்கணும். 2019 திருத்தப்படி, பரம்பரையா வந்ததையும் சேர்த்து ஒருத்தருக்கு இரண்டுதான்."

மகன் சிங்கப்பூரில். நண்பர் யோசித்தார்.

"அப்போ அத்தாவோட கைக்கடிகாரமே போதும்."