மூலத்துக்கு ஏற்ற உரை: ஒரு சிறு ஒலிபெருக்கியின் வரலாறு

கைமாறி வந்த பழைய ஒலிபெருக்கிகளை வாங்கும் நம்மில் பலருக்கு ஒரு நப்பாசை உண்டு. பெட்டியைத் திறந்து, கிராஸ்ஓவர் பலகையில் இருப்பவற்றைக் களைந்து, விலையுயர்ந்த உதிரிகளைப் பொருத்திவிட்டால் ஒலி உயர்ந்துவிடும் என்பதே அது. பற்றவைக்கும் கோலைக் கையில் எடுக்குமுன், பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்னும் ஒலிபெருக்கியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கிராஸ்ஓவர் என்பது ஒலியைப் பங்கிடும் மின்சுற்று. கம்பிச்சுருள் உயர் அதிர்வெண்களைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை வூஃபருக்கு அனுப்புகிறது. மின்தேக்கி தாழ்ந்தவற்றைத் தடுத்து உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கு அனுப்புகிறது. ஆயினும் அதன் பணி பங்கீட்டோடு முடிவதில்லை. ஒலிக்கூம்பு எங்கே மிகுந்து ஒலிக்கிறதோ அங்கே அடக்குவதும் அதன் கடமையே.

1970களின் தொடக்கத்தில், வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்தில் வைத்துக் கேட்க, பிபிசிக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கி தேவைப்பட்டது. அதன் ஆய்வுத் துறையினர் ஓரடி உயரமே உள்ள மரப்பெட்டியில், கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரையும் டி27 ட்வீட்டரையும் இணைத்து எல்எஸ்3/5 என்பதை உருவாக்கினர். சில இணைகளே செய்யப்பட்ட நிலையில், கெஃபிலிருந்து வந்த ஒலிக்கூறுகளின் இயல்பு மாறியிருப்பது தெரியவந்தது. பொறியாளர்கள் கிராஸ்ஓவரைத் திரும்ப வடிவமைத்தனர். பெயரின் இறுதியில் 'ஏ' சேர்ந்தது இவ்வாறே. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகியோர் இவ்வடிவமைப்பை 1976இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டனர்.

அந்தக் கிராஸ்ஓவரின் பெயர் எஃப்எல்6/23. பி110இன் நடு அதிர்வெண் மிகைகளை அடக்கும் உறுப்புகள் அதில் உண்டு. ட்வீட்டருக்குச் செல்லும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சுருளில் பல முனைகளும் உண்டு. ஒவ்வொரு ட்வீட்டரும் சற்றே வேறுபடும் என்பதால், அதற்குரிய முனையைத் தேர்ந்தே இணைத்தனர். ஒரு பெட்டியின் பலகையை அப்படியே கழற்றி வேறொரு பெட்டியில் வைத்தால், ஒன்றுக்கு எழுதிய உரையை மற்றொன்றுக்குப் படிப்பது போலாகும்.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே சிக்கல் மீண்டும் வந்தது. பி110இன் இயல்பு சிறிது சிறிதாக விலகியிருந்தது. 1987-88இல் கெஃப் புதிய கிராஸ்ஓவரை வடிவமைத்தது. 15 ஓம் ஒலிபெருக்கி 11 ஓம் ஆயிற்று. ஆக, இதன் கிராஸ்ஓவர் மாறிய இரு முறையும் ஒலிக்கூறு மாறியதே காரணம். மூலம் மாறியதால் உரை மாறியது. 'இன்னும் சிறந்த' உதிரி கிடைத்தது என்பதற்காக மாறவில்லை.

நமக்கு இதில் பாடம் உண்டு. அக்காலத்துப் பல வீட்டு ஒலிபெருக்கிகளில் மின்பகு மின்தேக்கிகளே இருந்தன. ஆண்டுகள் செல்ல அவை வறண்டு, அளவும் உள்மின்தடையும் விலகிவிடுகின்றன. அவற்றை மாற்றுவது மேம்படுத்தல் அன்று, மூலத்தை மீட்பது. ஆனால் அங்கே படலமின்தேக்கியைப் பொருத்தும்போது, பழையதன் உள்மின்தடை புதியதில் பெரும்பாலும் இராது. வடிவமைத்தவர் அந்தத் தடையையும் கணக்கில் கொண்டிருந்தால், ட்வீட்டர் அளவுக்கு மீறி ஒலிக்கும். தொடராக ஒரு சிறு மின்தடையைச் சேர்த்தால் அது தணியும். சுருள்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். தடித்த கம்பிச் சுருளுக்கு மின்தடை குறைவு. அதனால் வூஃபரின் சமநிலையே பிறழலாம்.

ஆதலால் முதலில் அளந்து பார்ப்போம். கெட்டதை மட்டும் அதே மதிப்பில், இரு பெட்டிகளிலும் ஒருசேர மாற்றுவோம். கழற்றியதை எறியாமல் பெயரெழுதிப் பத்திரப்படுத்துவோம். பிபிசியார் தம் ஒலிபெருக்கிகளை மனிதக் குரலைக் கொண்டே சோதித்தனர். எதிரில் பேசுபவரின் குரலும் பெட்டியின் குரலும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்டனர். நாமும் வேலை முடிந்தபின், நன்கு பழகிய ஒரு குரலை ஒலிக்கவிட்டுக் கேட்போம். அவர் அவராகவே பேசினால் போதும்.