பீங்கான் பல்லுறையின் நிறப் பொருத்தம்

சொத்தையினாலோ விபத்தினாலோ சிதைந்த பல்லின்மேல் கவிக்கப்படும் பீங்கான் உறையை, அதாவது மக்கள் வழக்கில் 'கேப்' எனப்படுவதை, அண்டைப் பற்களினின்று வேறுபாடு புலப்படாதவாறு வர்ணம் தேர்ந்து அமைப்பது, பல் மருத்துவத்தில் மிக்க சூட்சுமமான பகுதிகளுள் ஒன்றாகும்.

இதன் கஷ்டம் பல்லின் சுபாவத்திலேயே உள்ளது. பல்லை வெண்மை என்று சொல்லிப் பழகிவிட்டோமாயினும், ஒளி ஊடுருவும் எனாமலின் வழியே அதனடியிலுள்ள டென்டினின் மஞ்சள் தெரிவதே நாம் காணும் நிறமாதலால், எனாமல் மெலிந்த ஈறோரத்தில் மஞ்சள் மிகுந்தும், கடிமுனையில் சற்றே நீலம் பாய்ந்த சாம்பலாகவும், ஒரே பல் பல சாயல்களைக் காட்டும். கோரைப்பல்லோ வெட்டுப்பற்களைக் காட்டிலும் இயற்கையிலேயே நிறம் கூடியது.

நிறத்தைச் சாயல், ஒளிர்வு, செறிவு என மூன்று குணங்களாகப் பகுத்த அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செலின் முறையே இத்துறைக்கும் ஆதாரம். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் வெளியிட்ட மாதிரி வரிசையில் 16 பீங்கான் பற்கள், ஏ செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல் என நான்கு குடும்பங்களாக நிற்கின்றன. 1998-இல் அந்நிறுவனமே கொணர்ந்த 3டி-மாஸ்டர் வரிசை, ஒளிர்வை முதலில் தேரச் சொல்கிறது. இதுவே சரியான வைப்பு முறை. ஏனெனில் சாயலில் நேரும் சிறு பிழையைக் கண் மன்னித்துவிடும், ஒளிர்வில் நேர்ந்ததையோ எதிரே அமர்ந்து பேசுபவர் உடனே கண்டுகொள்வார்.

நிறத்தைப் பல்லைச் செதுக்குமுன்பே தேர்தல் வேண்டும். வாய் திறந்தபடியிருக்க ஈரம் வற்றிய பல் வெளுத்துக் காட்டி ஏமாற்றிவிடும். உதட்டுச்சாயத்தைத் துடைத்து, மாதிரியை நனைத்துப் பல்லின் அருகே ஏந்தி, ஐந்தாறு வினாடிக்குமேல் உற்றுநோக்காது, இடையிடையே சாம்பல்நிற அட்டையைப் பார்த்துக் கண்ணைத் தெளியவைத்துக் கொள்வது வழக்கம். கடை விளக்கில் எடுத்த புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் நம் பெண்களின் ஜாக்கிரதை இங்கும் அவசியம். ஓர் ஒளியில் ஒத்த இரு நிறங்கள் வேறோர் ஒளியில் பிரிந்து தோன்றும் இயல்பை மெட்டாமெரிசம் என்பர். நிறமளக்கும் கருவிகள் இன்று உண்டெனினும், கண்ணின் தீர்ப்பை அவை முற்றிலும் நீக்கிவிடவில்லை.

உறை மெல்லியதாயின், அடியிலுள்ள கறுத்த பல்லோ, ஒட்டும் சிமென்டோ தன் நிறத்தை மேலே காட்டும். இரு மாதிரிகளுக்கிடையே ஐயம் நேரின் வெளிறியதையே கொள்வது நலம். மேற்பூச்சிட்டுச் சுடுவதால் உறையைக் கருமையாக்கலாமேயன்றி வெளுக்கச் செய்வது அரிது. பல்லை வெளுக்கச் செய்யும் மருந்தும் பீங்கானை மாற்றாதாகையால், அவ்விருப்பமுடையோர் அதனை முன்னரே முடித்து, இரண்டு வாரமேனும் பொறுத்தல் வேண்டும்.

உறையை ஒட்டுமுன், கைக்கண்ணாடியுடன் ஜன்னலருகே சென்று பார்த்தே சம்மதம் சொல்லுங்கள். சிமென்ட் இறுகியபின் நிறம் பிடிக்காவிடில், பெரும்பாலும் அதனை அறுத்தெடுத்துப் புதிதாகவே செய்ய நேரிடும்.