தேங்கிய நீரும் தூய்மையும்: ஹவ்ள் முதல் நீச்சல் குளம் வரை

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தூய்மைப் பாடத்தோடு தொடங்குகின்றன; அப்பாடம் நீரோடு தொடங்குகின்றது. பள்ளிவாசல் ஹவ்ளும், இன்று வசதியுடையோர் இல்லங்களில் அமையும் நீச்சல் குளமும் அச்சட்டத்தின் பார்வையில் ஓரினமே. இரண்டும் ஓடாத நீர். பலர் உடல் படும் நீர். இந்நீரைப் பேணுவதில் முன்னோர் வகுத்ததையும் பின்னர் அறிவியல் கண்டதையும் நாம் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், ஜனாபத்துடையவர் அதில் இறங்கிக் குளிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உறங்கி எழுந்தவர் கழுவாத கையைப் பாத்திர நீரில் இடலாகாது என்றும் கற்பித்தார்கள். உடலைக் கழுவிய பின்னரே குளத்தில் இறங்க வேண்டும் என்னும் இக்கால விதியின் கருத்தும் இதுவே.

ஷாஃபிஈ மத்ஹபினர் இரு குல்லாவை, ஏறத்தாழ 200 லிட்டரை, எல்லையாகக் கொண்டனர். அதனினும் குறைந்த நீர் நஜீஸ் பட்டதும் அசுத்தமாகும். மிகுந்த நீரோ நிறம், சுவை, மணம் மாறினால்தான் அசுத்தமாகும். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பத்துக்குப் பத்து முழம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 15 அடி, என்றனர். ஹவ்ளை அகலமாக அமைக்கும் வழக்கத்திற்கு இவ்விதி துணைநின்றது.

ஆயினும் கண்ணின் சான்று எல்லைக்குட்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவூர்களில் இது எளிதில் விளங்கும். பட்டு நூலின் பசையைச் சவுக்கார நீரில் காய்ச்சி நீக்குகையில், பளிங்குபோல் தெளிந்த நீரும் கடின நீராயின் நுரைப்பதில்லை. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தம் கானூனில், நீரைக் காய்ச்சியும் வாலையில் வடித்தும் சீராக்கலாம் என்று எழுதினார். 1884இல் கல்கத்தாவில், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளமொன்றின் நீரில் ராபர்ட் காக் காலராக் கிருமியைக் கண்டார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் இடைவிடாது குளோரின் சேர்க்கத் தொடங்கிற்று.

நீச்சல் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சி நிற்க வேண்டும். கார அமிலக் குறியீடு 7.2க்கும் 7.8க்கும் இடையே அமைய வேண்டும். வெயில் குளோரினை அழிப்பதால் நாள்தோறும் சோதிப்பது அவசியம். மூக்கைத் துளைக்கும் நெடி தூய்மைக்கு அடையாளமன்று. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்ததன் விளைவே அது. மணம் மாறுவதைக் குற்றமாகக் கண்ட முன்னோர் கூற்று இங்கும் பொருந்துகிறது. சிறுவர் தனியே நுழையாதபடி வேலியும் பூட்டும் கதவும், உடனிருந்து கண்காணிக்கும் பெரியவரும் இன்றியமையாதவை.

நமக்குரிய தனி எச்சரிக்கையும் ஒன்றுண்டு. நேக்ளீரியா என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் நோய் தாராது. மூக்கின் வழியே சென்றால் மூளையைத் தாக்கும். பிழைப்போர் மிகச் சிலரே. கராச்சியில் 17 மாதங்களில் நோயுற்ற 13 பேரைப் பற்றி 2011இல் ஆய்வொன்று வெளிவந்தது. அவர்களுள் ஒருவர் மட்டுமே நீர்நிலையில் இறங்கியவர். ஏனையோரை உளூவின் குழாய் நீர் வழியாகவே நோய் பற்றியிருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. 2024இல் கேரளத்தில் குளங்களில் குளித்த சிறுவர்களும் இதற்குப் பலியாயினர்.

குளோரின் கலந்த நீரால் உளூ கூடுமா என்னும் ஐயம் எழலாம். 'நீர்' என்னும் பெயரை மாற்றாத சிறு மாற்றம் அதன் தூய்மையாக்கும் தன்மையைப் போக்காது என்பது ஃபிக்ஹின் தெளிவான விதி. தீங்கை நீக்குதல் ஷரீஅத்தின் பெருநோக்கங்களுள் ஒன்று. ஆகவே சட்டத்தால் தூய நீர் வேறு, உடலுக்குத் தீங்கற்ற நீர் வேறு என்பதை உணர்ந்து, ஹவ்ளையும் மேல்நிலைத் தொட்டியையும் காலந்தோறும் கழுவி, குளோரின் இட்டு, அளந்து பார்ப்பதைப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். குளமுடைய இல்லத்தாருக்கும் இதுவே பொருந்தும்.