ஆசீர்வாதம் கூறாத காலை ஆராதனை



நகரத்தின் இரைச்சலுக்கு அப்பால், ஏதேனும் ஒரு கிராமத்தில் நம் சபைக்கென்று ஒரு தியான இல்லம் வேண்டும் என்ற விருப்பத்தைச் சில மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் தெரிவித்து வருகிறீர்கள். நல்ல விருப்பமே. நம் ஆண்டவரும் விடியுமுன் எழுந்து, தனிமையான இடம் தேடிச் சென்று ஜெபித்ததை மாற்கு நமக்குச் சொல்லுகிறார். ஆனால் நிலத்தைத் தேடுமுன், அத்தகைய இல்லம் எதற்காக எழும்ப வேண்டும் என்பதை நாம் சிந்திக்கவேண்டும். அதற்கு உதவும் ஒரு வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அயோனா என்ற சிறிய தீவு இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகலம் அதில் பாதியும் இல்லை. ஓபன் நகரத் துறைமுகத்தில் கப்பலேறி, மல் என்ற பெரிய தீவில் இறங்கி, அதைக் குறுக்கே கடந்து, மறுபடியும் ஒரு சிறு படகில் ஏறினால்தான் அங்கே போய்ச் சேரலாம். கி.பி. 563-இல் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி தம் தோழர்களுடன் இத்தீவில் வந்து இறங்கினார். அரச குலத்தில் பிறந்தவர் அவர். கொலும்பா என்ற பெயருக்கு இலத்தீனில் புறா என்று பொருள். அவர் நிறுவிய மடத்திலிருந்துதான் 635-இல் எய்டன் என்ற துறவி புறப்பட்டு, வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவுக்குச் சென்று சுவிசேஷப் பணியைத் தொடங்கினார்.

கொலும்பா இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மடத்தின் தலைவராயிருந்த அடம்னான் என்பவர் அவருடைய வாழ்க்கையை எழுதினார். ஜெபம், வாசிப்பு, எழுத்து, கைவேலை ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லாமல் கொலும்பா ஒரு மணி நேரத்தையும் கழித்ததில்லை என்கிறார் அவர். அந்நூலில் என் மனத்தில் தங்கிவிட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. அறுவடை முடிந்து, முதுகில் சுமையோடு துறவிகள் மாலையில் மடத்துக்குத் திரும்புவார்கள். பாதி வழியில், ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும்போதெல்லாம், சுமை இலேசாகி, இன்ன காரணமென்று அறியாத ஒரு மகிழ்ச்சி அவர்கள் உள்ளத்தில் பிறக்கும். மூத்தவர் ஒருவர் அதன் காரணத்தை விளக்கினார்: முதிர்ந்த கொலும்பா தம் பிள்ளைகள் களைத்து வருவதை எண்ணி வருந்துகிறார், உடலால் வர இயலாததால் தம் ஆவியினால் வழியிலேயே அவர்களை எதிர்கொள்ளுகிறார் என்றார். மடத்தில் அவர்கள் அந்த ஆறுதலைப் பெறவில்லை. வயலுக்கும் மடத்துக்கும் இடைப்பட்ட பாதையில், சுமையோடு நடக்கையில் பெற்றார்கள்.

'கெல்டிக் ஆன்மிகம்' என்று இன்று பலரும் பேசுவதன் உயிர்நாடி இதுவே. வேலை வேறு, ஆராதனை வேறு என்று அது பிரிப்பதில்லை. அடுப்பு மூட்டும்போதும் பால் கறக்கும்போதும் சொல்லும் ஜெபங்கள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் மக்களிடையே பல தலைமுறைகளாக வாய்மொழியாய் வழங்கிவந்தன. அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் அவற்றைத் தொகுத்து 1900-இல் வெளியிட்டார். ஆயினும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்தத் துறவிகளின் வாழ்வு கடலையும் பறவைகளையும் பார்த்து இரசித்துக்கொண்டிருந்த இனிய வாழ்வு அன்று. உபவாசமும் கடும் தவமும் உழைப்பும் கீழ்ப்படிதலும் நிறைந்தது அது. அவற்றை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது ஆன்மிகம் அல்ல, உல்லாசப் பயணம்.

795 முதல் வைக்கிங் கொள்ளையர் அயோனாவைத் தாக்கினர். 806-இல் ஒரே தாக்குதலில் 68 பேர் கொல்லப்பட்டனர். பின்னர், 1200-ஆம் ஆண்டையொட்டி பெனடிக்டின் துறவிகள் அங்கே கல்லால் ஒரு மடாலயத்தைக் கட்டினார்கள். 1560-இல் ஸ்காட்லாந்தில் திருச்சபைச் சீர்திருத்தம் நிகழ்ந்தபின் துறவற வாழ்வு அங்கே முடிவுற்றது, கட்டடங்கள் பாழாயின. 1899-இல் தீவின் உரிமையாளரான ஆர்கைல் பிரபு, அந்த இடிபாடுகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1910-க்குள் ஆலயம் பழுதுபார்க்கப்பட்டுக் கூரை வேயப்பட்டது. ஆனால் அதையொட்டித் துறவிகள் வாழ்ந்த பகுதி இடிந்த சுவர்களாகவே நின்றது. ஆராதிக்க இடம் இருந்தது. அங்கே கூடி வாழ்வார் எவருமில்லை.

இப்போது நாம் கிளாஸ்கோ நகரத்துக்குச் செல்லவேண்டும். 1930-இல் ஜார்ஜ் மெக்லவுட் என்ற போதகர் அந்நகரின் கோவன் பகுதிச் சபைக்கு வந்தார். முதல் உலகப் போரில் படைத்தலைவராயிருந்து வீரப் பதக்கம் பெற்றவர். தலைமுறை தலைமுறையாகப் போதகர்களைத் தந்த குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவின் வசதிமிக்க சபையில் பேர்பெற்ற பிரசங்கியாயிருந்தவர். கோவன் கப்பல் கட்டும் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் கப்பல் தளங்கள் ஓய்ந்து கிடந்த காலம் அது. கைத்திறன் மிக்க மனிதர் தெருமுனைகளில் வேலையின்றி நின்றனர். திருச்சபையின் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுடைய துன்பம் திருச்சபைக்கு விளங்கவில்லை. மெக்லவுட் அங்கே இரவு பகலாக உழைத்தார். உடலும் மனமும் தளர்ந்து விழும் அளவுக்கு உழைத்தார். பிரசங்கத்தினால் மட்டும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். சபையிலிருந்த வேலையற்ற மனிதர்களோடு சேர்ந்து, நகருக்கு வெளியே பாழடைந்து கிடந்த ஒரு பழைய ஆலைக் கட்டடத்தைச் சீரமைத்தார். சேர்ந்து உழைப்பது மனிதரை ஒன்றாக்குகிறது என்ற பாடத்தை அங்கேதான் அவர் கற்றார்.

1938-இல் கோவன் சபைப் பொறுப்பை விட்டு விலகி, அயோனாவுக்குச் சென்றார். வேலையற்ற கொத்தனார்களும் தச்சர்களும், குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளைஞர்களும் அவருடன் சென்றார்கள். மடாலயத்தின் அருகே மரத்தாலான கொட்டகையில் அனைவரும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, இடிந்து கிடந்த பகுதிகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுமானத்தில் கொத்தனாரே எஜமான். இறையியல் பட்டம் பெற்றவர் சித்தாள். எபிரெயமும் கிரேக்கமும் கற்ற இளைஞர்கள் கல் சுமந்தார்கள், சாந்து குழைத்துக் கொடுத்தார்கள். இளைஞர்கள் கோடைகாலத்தைத் தீவில் கழித்தபின், ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதிச் சபைகளுக்குப் போய்ப் பணிபுரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

பணத்துக்கு என்ன செய்தார்? கப்பல் தொழிலின் பெரும் முதலாளியான சர் ஜேம்ஸ் லித்கோவிடம் போய்க் கேட்டார். போர்க்கருவிகளை எதிர்த்துப் பேசிவந்த மெக்லவுட், அவற்றால் ஆதாயம் பெறும் ஒருவரிடமே சென்றார். பணம் கொடுத்தால் உம்முடைய சமாதானக் கொள்கையை விட்டுவிடுவீரா என்று லித்கோ கேட்டார். ஒருபோதும் மாட்டேன் என்றார் மெக்லவுட். அப்படியானால் தருகிறேன் என்று 5,000 பவுண்டு கொடுத்தாராம் லித்கோ. தம் மனச்சாட்சியை விற்காத மனிதரிடம் பணத்தை நம்பிக் கொடுக்கலாம் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும்.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. மடாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர், இவர் நம்மை ரோமைத் திருச்சபைக்கு இழுக்கிறார் என்றனர். ஏழைகளைப் பற்றிய பேச்சைக் கேட்டு வேறு சிலர், இவர் மாஸ்கோவுக்கு இழுக்கிறார் என்றனர். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஆட்களும் மரமும் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாட்களில் கடலில் ஒரு கப்பல் கொட்டிவிட்டுப்போன மரங்கள் அயோனாவுக்கு எதிரேயுள்ள மல் தீவின் கரையில் வந்து ஒதுங்கியதையும், கூரைக்கு அவை பயன்பட்டதையும் மெக்லவுட் பின்னாளில் நன்றியோடு சொல்லிவந்தார். 1951-இல் ஸ்காட்லாந்து திருச்சபை இக்குழுவைத் தன் ஆளுகைக்குள் ஏற்றுக்கொண்டது. 1957-இல் மெக்லவுட்டே அத்திருச்சபையின் பொதுப் பேரவைத் தலைவரானார். மடாலயத்தின் கட்டடப் பணி 1965-இல் நிறைவுற்றது: தொடங்கியதிலிருந்து 27 ஆண்டுகள். குறைகளும் இருந்தன. தொடக்க காலத்தில் ஆண்கள் மட்டுமே அக்குழுவின் உறுப்பினராயிருந்தனர்; பெண்களுக்குக் கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. தேவன் குறையுள்ள கரங்களைக் கொண்டே தம் வீட்டைக் கட்டுகிறார்.

கட்டடம் முடிந்ததும் குழு கலைந்துவிடவில்லை. கட்டடத்துக்காக அது பிறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் தீவில் வாழ்வதில்லை; தத்தம் ஊர்களில், தத்தம் தொழில்களில் சிதறி வாழ்கிறார்கள். அவர்களை இணைப்பது ஓர் ஒழுங்கு: அன்றாட ஜெபமும் வேதவாசிப்பும், பணத்தைப் பகிர்ந்து, செலவிட்ட விதத்துக்கு ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுத்தல், நேரத்தைத் திட்டமிட்டு அதற்கும் கணக்குக் கொடுத்தல், நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் உழைத்தல், தவறாமல் கூடிவருதல். நாம் ஜெபத்தைப் பற்றி ஒருவரையொருவர் விசாரிப்போம். பணத்தைப் பற்றி விசாரிப்போமா?

அயோனா மடாலயத்தின் ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறப்படுவதில்லை. கூடியிருப்போர் நின்றபடியே நேராகத் தங்கள் வேலைக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். ஆராதனை முடிந்துவிடவில்லை, பாத்திரம் துலக்குவதிலும் தோட்டம் கொத்துவதிலும் அது தொடர்கிறது என்பதே இதன் பொருள். ஞாயிறுதோறும் நான் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறியதும் பெருமூச்சோடு எழுந்து செருப்பைத் தேடுகிற நமக்கு, இந்த வழக்கத்தில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது.

விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள திரை அயோனாவில் மிக மெல்லியது என்று மெக்லவுட் சொல்வாராம். இந்த வார்த்தையைக் கேட்டே இன்று பலர் அங்கே செல்கிறார்கள். ஆனால் அதைச் சொன்னவர் இளைஞர்களை அங்கேயே தங்க வைக்கவில்லை. தெருமுனைகளுக்குத் திருப்பி அனுப்பினார். தீவில் அந்தத் திரையினூடே கண்டவர், கோவன் தெருவிலும் அது மெல்லியதுதான் என்று கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். மறுரூப மலையில் கூடாரம் போட விரும்பிய பேதுருவை, ஆண்டவர் பிள்ளையின் நோயால் கதறும் ஒரு தகப்பனிடத்தில் அல்லவா இறக்கிக்கொண்டு போனார்?

இது நமக்கு அந்நியமான பாடம் அன்று. அயோனாக் குழு தொடங்குவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்னரே, 1921-இல், நம் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் எழும்பியது. அதை நிறுவிய இருவரில் சவரிராயன் இயேசுதாசன் தமிழர். எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டே ஜெபத்தில் வாழ்ந்தார்கள். அங்கும் ஜெபமும் உழைப்பும் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே, பிரியமானவர்களே, தியான இல்லத்துக்குக் குழு அமைத்து நன்கொடைச் சீட்டு அச்சிடுமுன், நான் ஒரு விண்ணப்பம் செய்கிறேன். வேலை இழந்தபின் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட சகோதரர்கள் நம்மிடையே உண்டு. காணிக்கைப் பை தங்கள் வரிசையைக் கடந்து போகும்போது தலைகுனிய மனமில்லாமல் அவர்கள் வராதிருக்கிறார்கள். அவர்களில் கொத்தனார் இருக்கிறார், தச்சர் இருக்கிறார். மழைக்கு ஒழுகும் வீட்டில் தனியே வாழும் விதவைத் தாய்மாரும் நம் சபையில் இருக்கிறார்கள். ஒரு தாயாரின் வீட்டிலிருந்து தொடங்குவோம். கைத்தொழில் அறிந்த சகோதரர்களுக்கு உரிய கூலியைச் சபை கொடுக்கட்டும். அவர்கள் நமக்கு எஜமானராயிருக்கட்டும். இறையியல் கல்லூரியில் நான் பயின்ற ஆண்டுகளில் என் கையில் ஒருநாளும் சாந்து ஒட்டியதில்லை. ஐம்பது வயதைக் கடந்த நான் சித்தாளாக வருகிறேன், நீங்களும் வாருங்கள். அந்தக் கூரையின் கீழ் நாம் ஒன்றுபட்டால், கிராமத்தில் நமக்கு எத்தகைய இல்லம் வேண்டும் என்பதும் விளங்கும்.

ஜெபிப்போம்: நாசரேத்தில் தச்சராயிருந்த ஆண்டவரே, எங்கள் ஆராதனையையும் எங்கள் உழைப்பையும் நாங்கள் பிரித்துவைத்த பாவத்தை மன்னியும். நாங்கள் மறந்துபோன சகோதரர்களின் வாசலுக்கு எங்களை நடத்தும். எங்களுக்கு ஓர் இல்லத்தைத் தருமுன், அதில் கூடி வாழத் தகுந்த மக்களாக எங்களைக் கட்டியெழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.