இறால் தொழிலும் ஆள்சேர்ப்பு நெறியும்

பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர் நாம். ஊரில் சொன்ன கூலி ஒன்று, வந்தபின் கைக்கு வந்த கூலி ஒன்று என்பது நம்மிற் பலர் அறிந்ததே. கடலுணவுத் தொழிலின் வரலாறு இதற்கு ஒரு சான்று.

1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பின்னர்க் குஜராத்தின் வேராவல் முதலிய துறைமுகங்களிலும் ஆலைகள் எழுந்தன. இறால் உரிப்பதில் கைதேர்ந்த கேரளத்து இளம்பெண்களை ஒப்பந்தக்காரர்கள் அங்கு அழைத்துச் சென்றனர். பனிக்கட்டியில் விரல்கள் விறைக்க அவர்கள் உரித்தனர். உரித்த அளவுக்கே கூலி. மொழி தெரியாத ஊரில் முறையிடுவது யாரிடம்?

1979-இல் மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கெனச் சட்டம் பிறந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும், பயணப்படி தரவேண்டும். கூலி விகிதம், வேலைக்காலம், பிடித்தம் ஆகியவற்றைக் குறித்த கைப்புத்தகம், இந்தி ஆங்கிலத்தோடு தொழிலாளியின் மொழியிலும் அமையவேண்டும் என அது விதித்தது. இவ்விதியையே அச்சட்டத்தின் உயிர்நிலை எனக் கருதுகிறோம். விளங்காத மொழியில் எழுதிய உரிமையால் பயன் யாது? ஆயினும் ஏட்டில் இருந்த விதி ஆலைவரை எட்டவில்லை. 1995-இல் கொச்சியில் நடந்த பொது விசாரணையில், கடலுணவு ஆலைப் பெண்களின் துயரங்கள் வெளிப்பட்டன.

2025 நவம்பர் 21 முதல், 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. தாமாகவே வந்து வேலை பெற்றோரையும் அது கணக்கிற் கொள்கிறது. நியமனக் கடிதத்தையும் வேண்டுகிறது. அக்கடிதம் நமக்கு விளங்கும் மொழியில் உள்ளதா எனக் கேட்டறிந்த பின்னரே கைச்சாத்திடுவோமாக.