கத்தியில் பொறித்த பெயர் யாருடையது?

பழைய மடக்குக்கத்தி ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் முதலில் அலகை விரித்து அதன் அடியைத்தான் பார்க்கிறார்கள். அலகு பிடிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, கூர் தீட்டாத ஒரு சிறு பரப்பு இருக்கும். செய்தவர் பெயர் என்று நாம் எண்ணிக்கொள்வது அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். கூடவே ஊர்ப்பெயர், சில கத்திகளில் ஒரு சின்னம். அந்த எழுத்தைக் கையேட்டில் தேடி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அது புழங்கியது என்று கண்டு, கத்தியின் ஊரையும் வயதையும் முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த முறை தொடங்குவதற்கு நல்லது, முடிப்பதற்குப் போதாது. அந்த முத்திரை பெரும்பாலும் கத்தியை விற்றவரையும், அவர் எந்தச் சட்டத்தின் கீழ் விற்றார் என்பதையும் சொல்கிறது. செய்த கையைப் பற்றி அது சொல்வது குறைவு. ஆகவே முத்திரையை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, கத்தியின் உடம்பைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு முதல் சான்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தம் கதைமாந்தர் ஒருவரின் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகி வைத்தார். அப்போதே அந்த ஊர் பெயர் பெற்றிருந்தது. 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி, ஷெஃபீல்டு வட்டாரமாகிய ஹாலம்ஷயரின் கத்திக்காரர் கழகம் அமைந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குறியை வழங்குவதும், பிறர் அதைப் போடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் முக்கிய வேலைகள். தொடக்கத்தில் குறியும் கையும் ஒன்றாகவே இருந்தன. ஒருவர் தம் பட்டறையில் செய்ததற்குத் தம் குறியைப் போட்டார். ஆனால் குறி ஒரு சொத்து ஆனதும் நிலைமை மாறியது. அதை வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்ற ‘ஐ எக்ஸ் எல்’ குறியை ஜார்ஜ் வாஸ்டன்ஹோம் நிறுவனத்துடன் சேர்த்தே எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குறி 1787-இல் வழங்கப்பட்டபோது வேறொரு கத்திக்காரருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வாஸ்டன்ஹோம் கைக்கு வந்தது. நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த ஜோசப் ராட்ஜர்ஸ் குறி 1682-இல் பதிவானது. இந்த இரண்டு நிறுவனங்களும் தலைமுறைகளாகப் போட்டியாளர்கள். 1971-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. அதற்குப் பிறகு இரண்டு குறிகளும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. இரண்டு முத்திரைகள் என்றால் இரண்டு பட்டறைகள் என்று எழுதிவைத்த கையேடு அங்கே செல்லாது.

ஷெஃபீல்டில் வேலை நடந்த விதம் இதைவிட அழுத்தமான சான்று. அங்கே ஒரு கத்தியை ஒருவர் முழுவதும் செய்ததில்லை. உலைக்காரர் எஃகைக் காய்ச்சி அடித்து அலகாக்குவார். நகத்தால் பிடித்துத் திறப்பதற்கான குழியையும் நிறுவனத்தின் முத்திரையையும் அவரே அலகு சூடாக இருக்கும்போது அடித்துவிடுவார். பிறகு அலகு சாணைக்காரரிடம் போகும். அவர் பெரிய மணற்கல் சக்கரத்தின் பின்னே குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து, சக்கரத்தின் மேல் குனிந்து தீட்டுவார். கல்தூளையும் எஃகுத்தூளையும் நாள்தோறும் சுவாசித்து அவர்களில் பலர் இளவயதிலேயே நுரையீரல் நோயால் இறந்தார்கள். கடைசியில் கோப்பவர் அலகு, முதுகு ஸ்பிரிங், பித்தளைத் தகடு, கொம்பு எல்லாவற்றையும் ஆணி அடித்துச் சேர்ப்பார். இவர்களில் பலர் எந்த நிறுவனத்துக்கும் சம்பளக்காரர்கள் அல்லர். சிறு அறைகளை வாடகைக்கு எடுத்து, வந்த வேலையைச் செய்து கொடுத்த சிற்றாசாரிகள். ஒரே சாணைக்காரர் ஒரே வாரத்தில் பல நிறுவனங்களின் அலகுகளைத் தீட்டியிருப்பார். கத்தியைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் அதை ஏந்தியது, பெயர் அடிக்கப்பட்ட பிறகுதான். அந்தப் பெயரில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

சட்டம் முத்திரையை எவ்வளவு மாற்றியது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்திகள் ஷெஃபீல்டு என்ற பெயருடன் சந்தைக்கு வந்தன. ஷெஃபீல்டுக்காரர்கள் போராடினார்கள், 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் இயற்றியது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற சொற்கள் பொருள்களில் பரவியது அதற்குப் பிறகுதான். அமெரிக்கா 1890-இல் மெக்கின்லி வரிச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1891 மார்ச் முதல் இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டினுடையது என்று பொறிக்க வேண்டும் என்றது. சேகரிப்பாளர்களின் புகழ்பெற்ற விதி இதிலிருந்து பிறந்தது: இங்கிலாந்து என்ற சொல் இருந்தால் 1891-க்குப் பின், இல்லாவிட்டால் அதற்கு முன். விதியின் முதல் பாதி பெரும்பாலும் நிற்கும். இரண்டாம் பாதி நிற்காது. அது அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போன சரக்குக்கான சட்டம். லண்டனிலோ சென்னையிலோ கொழும்பிலோ விற்க அனுப்பிய கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் கிடைக்கும் ஷெஃபீல்டுக் கத்தியில் நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக அதை விக்டோரியா காலத்தது என்று விலை சொல்வது தவறு. 1910-இல் செய்ததாகவும் அது இருக்கலாம். இந்த ஒரு விதியை மட்டும் நம்பித் தவறாக வயது குறிக்கப்பட்ட கத்திகள் ஏராளம்.

அரசச் சின்னமும் இப்படித்தான். ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் கத்திக்காரர் என்ற பட்டம் பெற்றது. அதன்பின் அரியணையில் இருப்பவரின் எழுத்துகளைக் கிரீடத்துடன் அலகில் பொறித்தது. ‘வி ஆர்’ என்று இருந்தால் 1837 முதல் 1901 வரை. ‘இ ஆர்’ என்றால் ஏழாம் எட்வர்டின் 1901 முதல் 1910 வரை. இதைவிட நல்ல நாள்குறிப்பு வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ‘ஜி ஆர்’ என்று இருந்தால்? நான்காம் ஜார்ஜ் 1830-இல் இறந்தார். ஐந்தாம் ஜார்ஜ் 1910-இல் பட்டத்துக்கு வந்தார். ஒரே இரண்டு எழுத்துகளுக்கு நடுவே எண்பது ஆண்டு இடைவெளி. எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தீராது. பிடி எந்தப் பொருள், அலகு எந்த எஃகு, ஆணிகள் கையால் போட்டவையா என்பவைதான் தீர்க்கும்.

அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் பெயருக்கும் பட்டறைக்கும் உள்ள தூரம் இன்னும் கூடியது. வரிச் சட்டங்களால் இறக்குமதி நசிந்ததும் அமெரிக்கப் பட்டறைகள் பெருகின. ஜெர்மனியிலிருந்து குடியேறி நியூயார்க்கில் கத்தி இறக்குமதி செய்துவந்த அடால்ஃப் காஸ்டர், 1902-இல் காமிலஸ் என்ற சிற்றூரின் ஆலையை வாங்கினார், இறக்குமதியாளர் உற்பத்தியாளரானார். செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் நிறுவனம் ‘கீன் கட்டர்’ என்றும், சிகாகோவின் ஹிப்பர்டு நிறுவனம் ‘ஓ வி பி’ என்றும் முத்திரையிட்டு விற்றன. இரண்டும் இரும்புச் சாமான் மொத்த வியாபாரிகள். சியர்ஸ் கடையின் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ கத்திகள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு ஆலைகளில் உருவாயின. அலகின் அடியில் இருப்பது கடைக்காரர் பெயர். ஆலையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பிடியின் எலும்பில் வெட்டிய வரிகளின் பாங்கையும், நகக்குழியின் வடிவத்தையும், பிடியில் பதித்த சிறு உலோகக் கேடயத்தின் வெட்டையும் ஆலையின் சொந்தக் கத்திகளோடு ஒப்பிட வேண்டும். தேசப் பெருமையின் அடையாளமாகிய சுவிஸ் ராணுவக் கத்தியும் விதிவிலக்கு அல்ல. 1890-ஆம் ஆண்டு மாதிரியின் முதல் கத்திகளை ராணுவத்துக்குக் கொடுத்தது ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்த ஒரு நிறுவனம். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் 1891-இல்தான் கொடுக்கத் தொடங்கினார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளில் முத்திரை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே என்பார்கள். உண்மைதான்; அதன் ஒழுங்கு அழகானது. 6254 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 6, பிடி எலும்பு. அடுத்த 2, இரண்டு அலகுகள். 54, வடிவத்தின் எண். காலமும் அப்படியே. ‘கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்’ என்றால் 1920 முதல் 1940 வரை. வெறும் ‘கேஸ் எக்ஸ் எக்ஸ்’ என்றால் 1940 முதல் 1964 வரை. அதனுடன் யு.எஸ்.ஏ. சேர்ந்தால் 1965 முதல் 1969 வரை. 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இதைவிடத் துல்லியமான பதிவு கத்தித் தொழிலில் அரிது. ஆனாலும் அது அலகின் வயது. கத்தியின் வயது அல்ல. முத்திரையிட்ட அலகுகள் இருப்பில் கிடந்து பிறகு கோக்கப்பட்டிருக்கலாம். முத்திரை மாறிய காலங்களில் ஒரே கத்தியின் இரண்டு அலகுகளில் இரண்டு முத்திரைகள் இருப்பதும் உண்டு. இந்தத் துல்லியமே மோசடிக்கும் வழி திறந்தது. ஒரு புள்ளி வேறுபட்டால் விலை மாறும் என்றால், உடைந்த கத்தியின் அலகைக் கழற்றி வேறு கத்தியில் பொருத்துபவர்கள் வருவார்கள். அதைப் பிடிப்பதும் உடம்புதான். ஆலையில் கோத்த கத்தியில், அலகு சுழலும் ஆணியின் தலை பிடி முனையின் உலோகத்தோடு சேர்த்துத் தேய்க்கப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். பிரித்துக் கோத்த கத்தியில் அந்த இடத்தில் மெல்லிய வட்டம் தெரியும். உலோகத்தின் மினுப்பும் பக்கத்து இடத்தோடு பொருந்தாது. அலகை மூடினால் அதன் முனை பள்ளத்தின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் உரசும்.

பொருள்களின் சாட்சியம் ஒரு திசையில்தான் செல்லும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். அந்த எஃகில் அலகு இருந்தால் கத்தி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. டெல்ரின் பிளாஸ்டிக்கை டூபான்ட் நிறுவனம் விற்கத் தொடங்கியது 1960-இல். அந்தப் பிடியுள்ள கத்தியும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் சாதாரண எஃகும் எலும்பும் இன்றும் புழங்குகின்றன. அவை இருப்பதால் கத்தி பழையது என்று ஆகாது. செல்லுலாய்டு மட்டும் வேறு வகை. 1870 வாக்கில் வந்த இந்தப் பொருள் நாளாக நாளாகச் சிதையும். அப்போது வெளியேறும் ஆவி தன் அலகையும் பக்கத்தில் கிடக்கும் கத்திகளின் எஃகையும் அரித்துவிடும். மான்கொம்புப் பிடிகளில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஷெஃபீல்டும் சோலிங்கனும் விரும்பி வாங்கியது கடமானின் கொம்பு. உள்ளே வெற்றிடம் குறைவாகவும் திண்மையாகவும் இருப்பதால் அதை அறுத்து, ஆணி அடித்தாலும் பிளவுபடாது. இந்தியாவிலிருந்து அது கப்பலேறியது. பின்னாளில் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்ததும் கத்திக்காரர்கள் வேறு கொம்பையும் எலும்பையும் நாட வேண்டியதாயிற்று. பிடியின் கொம்பைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அந்த மாற்றத்தைக் கத்தியிலேயே காணலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, சந்தையில் விலை பெயருக்குத்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி விற்பவருக்கு அந்தக் கேள்வி நியாயம். ஆனால் பெயரே விலைக்குப் போகும் காலத்தில் அந்த வாதம் வாங்குபவரையே காப்பாற்றாது. அமெரிக்காவின் ஷ்ரேட் கத்தி ஆலை 2004-இலும் காமிலஸ் ஆலை 2007-இலும் மூடப்பட்டன. இரண்டின் பெயர்களும் விற்கப்பட்டு, பிற இடங்களில் செய்யும் கத்திகளில் இன்றும் வருகின்றன. பெயர் தொடர்ந்தது, அந்தப் பட்டறைகளின் கை தொடரவில்லை. அதைவிட முக்கியமானது வரலாறு. நிறுவன முதலாளிகளின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. உலைக்காரரும் சாணைக்காரரும் கோப்பவரும் விட்டுச் சென்ற பதிவு பெரும்பாலும் அவர்கள் கை பட்ட எஃகும் கொம்பும்தான். அலகில் இருக்கும் சாணைக்கோடுகள், ஆணித்தலையில் விழுந்த சுத்தியல் தடம், ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் வெட்டிய அலங்காரம் ஆகியவை வேறு எங்கும் எழுதப்படாதவை.

அதனால்தான் பழைய கத்தியைப் பளபளப்பாக்குவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. சுழலும் துணிச்சக்கரத்தில் ஒரு நிமிடம் வைத்தால் துரு போகும்; கூடவே சாணைக்கோடும் முத்திரையின் விளிம்பும் ஆணியைச் சுற்றிய வட்டமும் போய்விடும். மோசடியைக் காட்டிக்கொடுக்கும் தடயமும் நேர்மையைக் காட்டும் தடயமும் ஒன்றாக அழியும். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு மடக்குக்கத்தி இருந்தால் மணல்தாளைத் தொடாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெல்லத் திறந்து, மென்மையான துணியால் துடைத்து, எல்லா அலகுகளின் அடியையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். செல்லுலாய்டுப் பிடி என்றால் மற்றவற்றோடு சேர்த்து மூடிவைக்க வேண்டாம். பிடி தந்தமாக இருந்தால் விற்கவோ வாங்கவோ முனைய வேண்டாம்; இந்தியாவில் தந்த வணிகம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது.